முகம் மறந்தாலும் மறையாத உறவு
அல்சைமர் நோயும் முகங்களை அறியும் மூளை வலைப்பின்னலும்

அல்சைமர் நோயாளிகளை அழைத்து வரும் குடும்பத்தார் எங்களிடம் கூறும் குறைகள் பல. அவற்றுள் மிகுந்த வேதனையோடு கூறப்படுவது ஒன்றே: "பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கிறார்." சாவி வைத்த இடத்தை மறந்தால் வீட்டார் பொறுத்துக்கொள்கின்றனர். உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்டாலும் பொறுத்துக்கொள்கின்றனர். நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவரைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்கும்போதுதான் குடும்பம் நிலைகுலைந்து போகிறது.

பாப்பிரெட்டிப்பட்டி, பொம்மிடி, கடத்தூர், அரூர் ஆகிய பகுதிகளிலிருந்து பிள்ளைகள் பலர் பெங்களூரு, ஓசூர், திருப்பூர் போன்ற ஊர்களுக்கு வேலைக்குச் சென்றுள்ளனர். சில மாதங்களுக்கு ஒருமுறை வீடு திரும்பும் மகனைத் தாய்க்கு அடையாளம் தெரியவில்லை என்றால், "நம்மையே தெரியாதவரைப் போய்ப் பார்த்து என்ன பயன்?" என்ற எண்ணம் அவன் மனத்தில் எழுகிறது. பிறகு வருகை குறைகிறது. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு விடை கூறும் முயற்சியாகும். விடையை அறிவதற்கு முன், மூளை ஒரு முகத்தை எவ்வாறு அறிந்துகொள்கிறது என்பதைப் பார்ப்போம்.

மூளை முகத்தை அறியும் முறை

ஒரு முகத்தைக் கண்டவுடன் "இவர் என் மகள்" என்று அறிவது ஒரே செயலாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது பல படிகளைக் கொண்டது. மூளையின் வெவ்வேறு பகுதிகள் அந்தப் படிகளைப் பங்கிட்டுக்கொண்டு செய்கின்றன.

முதற்படி பார்த்தல். கண் வழியாக வரும் காட்சி, தலையின் பின்புறத்தில் பிடரிப் பகுதியிலுள்ள பார்வை மையங்களைச் சென்றடைகிறது. அங்கே கண், மூக்கு, வாய் ஆகிய உறுப்புகள் முகத்தின் பகுதிகளாகப் பிரித்தறியப்படுகின்றன.

இரண்டாம் படி முகத்தை ஒரு முழு வடிவமாகக் காணுதல். காதுக்கு உட்புறமாக, மூளையின் அடிப்பாகத்தில் 'ஃபியூசிஃபார்ம்' என்னும் மடிப்பு உள்ளது. அதன் ஒரு பகுதி மற்றப் பொருள்களைவிட முகங்களுக்கே மிகுதியாகச் செயல்படுகிறது என்பதை 1997ஆம் ஆண்டு நான்சி கான்விஷர் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர் குழுவினரும் மூளைப் படங்களின் துணையோடு விளக்கினர். பெரும்பாலோரிடம் வலப்பக்க மூளையில் இச்செயல் கூடுதலாக உள்ளது. முகம் கண்ணில் பட்டபின் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்திலேயே 'இது முகம்' என்பதை மூளை அறிந்துவிடுகிறது.

மூன்றாம் படி இன்னார் என்று அறிதல். காதுக்கு மேலே பொட்டுப் பகுதியின் முன்முனையும், அதன் உட்புறத்தில் நினைவைப் பதிவு செய்யும் 'ஹிப்போகாம்பஸ்' பகுதியும், அதைச் சூழ்ந்த பகுதிகளும் இங்கே பங்கேற்கின்றன. 'இவள் என் மூத்த மகள், ஆசிரியையாக இருக்கிறாள், இவளுக்கு இரண்டு பிள்ளைகள்' என்ற செய்திகள் இங்கிருந்தே எழுகின்றன. பெயரை எடுத்துத் தருவது அதற்கும் அடுத்த வேலை. அதனால்தான் நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கும் "முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை" என்ற நிலை அவ்வப்போது ஏற்படுகிறது.

நான்காவது உணர்வு. முகத்தைக் கண்டதும் உள்ளம் மலர்வதற்கும் 'நம்மவர்' என்ற நெருக்கம் தோன்றுவதற்கும் 'அமிக்டலா' என்னும் சிறு பகுதி முக்கியமானது. இது அடையாளம் காணும் பாதையோடு இணைந்திருந்தாலும் தனக்கென்று வேறு வழிகளையும் கொண்டுள்ளது. இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இச்செய்தி மிகவும் தேவைப்படும்.

இப்பகுதிகள் அனைத்தையும் நரம்பு இழைகள் இணைக்கின்றன. முகமறிதல் தனியொரு மையத்தின் வேலையன்று, பரந்து விரிந்த ஒரு வலைப்பின்னலின் வேலை என்பதை ஜேம்ஸ் ஹேக்ஸ்பியும் அவர் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் விளக்கினர்.

அல்சைமர் நோய் இங்கே என்ன செய்கிறது?

1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மருத்துவமனையில் அகுஸ்ட டேட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் அவருடைய கணவரின் பெயரைக் கேட்டபோது, அவர் தம் பெயரையே விடையாகக் கூறினார். 1906இல் அவர் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்த அல்சைமர், நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கிய இழைகளையும் கண்டு அதே ஆண்டில் அறிவித்தார். படிவுகள் 'அமிலாய்டு' என்னும் புரதத்தால் ஆனவை. முறுக்கிழைகள் 'டவ்' என்னும் புரதத்தால் ஆனவை என்பதைப் பிற்கால ஆராய்ச்சி வெளிப்படுத்தியது.

டவ் இழைகள் மூளை முழுவதும் ஒரே சமயத்தில் பரவுவதில்லை. ஹிப்போகாம்பஸுக்கு அருகிலுள்ள பகுதியில் தொடங்கி, ஹிப்போகாம்பஸைப் பற்றி, பின்னர் பொட்டுப் பகுதியின் ஏனைய இடங்களுக்கும் மூளையின் மேற்பரப்புக்கும் அவை செல்லும் ஒழுங்கை 1991இல் பிராக் தம்பதியர் வரையறுத்தனர். பார்வையின் முதல் மையங்கள் பெரும்பாலும் கடைசியிலேயே பாதிக்கப்படுகின்றன.

இவ்வொழுங்கைத் தெரிந்துகொண்டால் வீட்டில் காணும் பல நிகழ்ச்சிகளுக்குக் காரணம் விளங்கும். தொடக்கக் காலத்தில் நோயாளி முகத்தை நன்றாகவே காண்கிறார். ஆனால் புதிதாகக் கண்ட முகங்கள் மனத்தில் பதிவதில்லை. புதிய மருமகள், பிறந்த பேரக்குழந்தை, அண்மையில் குடிவந்த அண்டைவீட்டார் ஆகியோர் முதலில் மறக்கப்படுகின்றனர். அடுத்து, தெரிந்தவர்களின் பெயர்களும் அவர்களைப் பற்றிய செய்திகளும் நழுவுகின்றன. நோய் முற்றும்போது முகத்தை முழு வடிவமாகக் காணும் திறனும் குறைகிறது. நெடுநாள் பழகிய முகங்கள் பிற்காலத்திலேயே மறைகின்றன. பார்வைப் பகுதிகளை முதலில் தாக்கும் அரிய வகை அல்சைமரும் உண்டு. அவ்வகையில் நினைவாற்றல் ஓரளவு நன்றாக இருக்கும்போதே முகங்களும் பொருள்களும் குழம்பித் தோன்றும்.

நம் பகுதிக்குத் தெரிந்த ஓர் உவமையைக் கூறலாம். வாணியாறு அணையில் நீர் இருந்தும் வாய்க்கால் தூர்ந்து போனால் கடைமடை வயல் காய்கிறது. அல்சைமர் நோயின் தொடக்கத்திலும் நடுக்காலத்திலும் அணையைவிட வாய்க்காலே பெரிதும் பழுதாகிறது. மகனைப் பற்றிய நினைவு பெரும்பகுதி இருக்கிறது. முகத்திலிருந்து அந்த நினைவுக்குச் செல்லும் வழி அடைபட்டுள்ளது. சில நாள்களில் சிறிது நீர் கசிந்து வருவதுபோல அடையாளம் தெரிகிறது. சில நாள்களில் தெரிவதில்லை. இதைக் கண்டு "வேண்டுமென்றே நடிக்கிறார்" என்று வீட்டார் எண்ணிவிடக் கூடாது. காலையில் தெளிவாகவும் மாலையில் குழப்பமாகவும் இருப்பது இந்நோயில் வழக்கம்.

அடையாளம் தவறும் வகைகள்

எல்லாத் தவறுகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. வகையை அறிந்தால் மறுமொழி கூறுவது எளிதாகும்.

தலைமுறை மாறிக் காணுதல்: மகனைத் தம் அண்ணன் என்றும், பேத்தியைத் தம் தங்கை என்றும் அழைப்பார்கள். அவர்களுடைய நினைவில் மகன் இன்னும் பள்ளிச் சிறுவன். எதிரே நிற்கும் ஐம்பது வயது மனிதருடைய முகச்சாயல் குடும்பத்தில் வேறொருவரோடு பொருந்துகிறது. ஆகவே மூளை கையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு இயன்ற அளவு சரியான விடையைத் தேடுகிறது. 'நம் குடும்பத்தைச் சேர்ந்தவர், என்மீது அன்புடையவர்' என்ற அளவில் அவ்விடை பிழையற்றது.

கண்ணாடியில் தம்மையே அறியாமை: கண்ணாடியில் தெரியும் முதியவர் தாமே என்பது விளங்காமல், வேற்றாள் வீட்டுக்குள் நிற்பதாக அஞ்சுவார்கள், சிலர் அவரோடு பேசுவார்கள். இதைப் பேய் பிடித்ததாகவோ செய்வினையாகவோ கருதி அலைய வேண்டா. அஞ்சுவதாக இருந்தால் கண்ணாடியை எடுத்துவிடலாம். இரவில் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும் சன்னல்களைத் திரையிட்டு மூடலாம்.

தொலைக்காட்சியில் தோன்றுவோர் வீட்டுக்குள் வந்துவிட்டதாக எண்ணுதல்: சண்டைக் காட்சியும் அழுகைக் காட்சியும் மிகுந்த தொடர்களைத் தவிர்ப்பது போதுமானது.

வேடமிட்டவர் என்று ஐயுறுதல்: "இவள் என் மனைவியைப் போலவே இருக்கிறாள், ஆனால் என் மனைவி இல்லை" என்று கூறுவார்கள். இந்நிலையை 1923இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் காப்கிராவின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. குடும்பங்களை மிகுதியாகப் புண்படுத்துவது இதுவே. இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் மனைவியோ மருமகளோ பெரும்பாலும் இந்த ஐயத்துக்கு ஆளாகின்றனர். உறவினர் சிலர், "அவள் என்ன செய்தாளோ, அதனால்தான் அப்படிச் சொல்கிறார்" என்று பழியையும் அவர்கள்மீதே சுமத்துகின்றனர். இது நோயின் குறி. நோயாளி தரும் சாட்சியம் அன்று. இதைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

அறியாமலே அறிதல்

முகத்தை அறிவதும் முகத்தால் உணர்வு பெறுவதும் ஓரளவு தனித்தனிப் பாதைகள் என்று முன்னர்க் கூறினோம். இதற்குச் சான்று தரும் இரு வகை ஆய்வுகள் உள்ளன.

மூளைச் சேதத்தால் முகங்களை அறியும் திறனை அறவே இழந்தவர்களை 1984இலும் 1985இலும் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தனர். குடும்பத்தாரின் படங்களைக் காட்டியபோது "இவர் யாரென்று தெரியவில்லை" என்றே அவர்கள் கூறினர். ஆனால் அவர்களுடைய தோலில் ஏற்படும் நுண்ணிய வியர்வை மாற்றத்தை அளந்தபோது, பழகிய முகங்களுக்கு மட்டும் அது தெளிவாக உயர்ந்தது. வாய் அறியாததை உடல் அறிந்திருந்தது.

இதற்கு நேர்மாறான நிலையைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவின் சான் டியாகோவில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனும் வில்லியம் ஹிர்ஸ்டினும் 1997இல் வெளியிட்டனர். தலைக்காயம் அடைந்த ஓர் இளைஞர், தம் பெற்றோரை வேடமிட்டவர்கள் என்று கூறிவந்தார். அவருக்கு முகம் தெரிந்தது. ஆனால் பெற்றோரின் படத்தைக் கண்டபோது தோலில் எதிர்பார்த்த மாற்றம் எழவில்லை. அதே தந்தை தொலைபேசியில் பேசும்போது ஐயமின்றித் தந்தை என்று ஏற்றுக்கொண்டார். குரல் செல்லும் பாதை பழுதடையாததால் இவ்வாறு நிகழ்ந்தது என்பது அவர்களுடைய விளக்கம்.

இந்த ஆய்வுகள் அல்சைமர் நோயாளிகளிடம் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே ஒவ்வொரு நோயாளியின் உள்ளேயும் இன்னது நிகழ்கிறது என்று அவற்றைக் கொண்டு அறுதியிட இயலாது. எனினும் அல்சைமர் நோயாளிகளிடமே நடத்தப்பட்ட ஓர் ஆய்வு நமக்கு நேரடியாகப் பயன்படுகிறது. 2014இல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளிகளுக்கு மகிழ்ச்சியும் துயரமும் தரும் திரைப்படக் காட்சிகளைக் காட்டினர். சிறிது நேரத்தில் காட்சிகளின் விவரங்களை நோயாளிகள் பெரிதும் மறந்துவிட்டனர். ஆனால் அவை தந்த மகிழ்ச்சியும் துயரமும் அவர்களிடம் நீடித்தன.

"போய்ப் பார்த்து என்ன பயன்?" என்ற கேள்விக்கு விடை இங்கே உள்ளது. மகன் வந்து சென்றதைத் தாய் மறக்கக்கூடும். அவன் அருகில் அமர்ந்து கையைப் பற்றியதால் உண்டான அமைதி, வருகை மறந்த பின்னும் தங்கியிருக்கிறது. கடிந்து பேசியதால் உண்டான கலக்கமும் அவ்வாறே தங்குகிறது.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. "என்னைத் தெரியுதா?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் முதியோரைப் பார்க்க வரும் ஒவ்வொருவரும் அன்போடு கேட்கும் முதற்கேள்வி இது. நோயாளிக்கோ இது தேர்ச்சி பெற முடியாத தேர்வு. விடை தெரியாமல் அவர் வெட்கமும் அச்சமும் கொள்கிறார். அதற்கு மாறாக, "அம்மா, நான்தான் உங்க பெரிய பையன் வந்திருக்கேன், பெங்களூருலேருந்து" என்று பெயரையும் உறவையும் நீங்களே கூறுங்கள். வரும் விருந்தினரிடமும் இதை வாசலிலேயே சொல்லிவையுங்கள்.

2. முகத்தோடு குரலையும் சேருங்கள். பின்னாலிருந்து அணுகாமல், முன்புறம் வந்து, அவர் கண்மட்டத்தில் அமர்ந்து, பேசிய பிறகு தொடுங்கள். முகக்கவசம், தலைக்கவசம் முதலியவற்றைக் கழற்றுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் காணொளி அழைப்பில் அடையாளம் தெரியவில்லை என்று வருந்தினால், வெறும் குரல் அழைப்பில் பேசிப் பாருங்கள்.

3. வெளிச்சம் தேவை. மங்கலான விளக்கின் கீழ் நலமானவர்களுக்கே முகம் சரியாகத் தெரியாது. மாலையில் இருட்டுவதற்கு முன்பே விளக்கேற்றுங்கள்.

4. பழைய படங்களைப் பயன்படுத்துங்கள். திருமணப் படம், பிள்ளைகளின் பள்ளிப்பருவப் படம் ஆகியவற்றை ஒரு தொகுப்பாக்கி, ஒவ்வொன்றின் கீழும் பெயரையும் உறவையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராயின் அருகிலிருந்து கதையாகச் சொல்லுங்கள். சோதிப்பதற்காக அதைக் காட்ட வேண்டா.

5. வாதிடாதீர்கள். "நான் உங்க மகன்தான்" என்று உரத்த குரலில் மெய்ப்பிக்க முயன்றால் அச்சமே வளரும். அண்ணன் என்று அழைத்தால், அண்ணனைப் பற்றி இரண்டு வார்த்தை பேசவிட்டுப் பிறகு உணவுக்கோ வேறு வேலைக்கோ பேச்சைத் திருப்புங்கள்.

6. வேடமிட்டவர் என்ற ஐயம் எழுந்தால், அவருடைய கண்ணில் படாமல் சற்று விலகியிருந்து, சில நிமிடங்களுக்குப் பின் பேசிக்கொண்டே உள்ளே வாருங்கள். குரலைக் கேட்டு ஏற்றுக்கொள்வோர் உண்டு. அச்சத்தால் அவர் தாக்கக்கூடும் என்றால் அரிவாள், கத்தி முதலியவற்றை அகற்றி, உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

7. வீட்டையே அறியாமல் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவோர் உண்டு. கிணறும் வாய்க்காலும் நெடுஞ்சாலையும் அருகிலிருக்கும் வீடுகளில் இது உயிருக்கு ஆபத்து. கைப்பேசி எண் பொறித்த வளையத்தையோ அட்டையையோ அணிவியுங்கள். அண்டை வீட்டாருக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் நோயைப் பற்றிக் கூறிவையுங்கள்.

எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்?

முகம் தெரியாமை எல்லாமே அல்சைமர் அன்று. கண்புரையும் பழைய கண்ணாடியும் காரணமாக இருக்கலாம். காது கேளாமையும் குழப்பத்தைக் கூட்டும். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகளும் சளி மருந்துகளும் மறதியை உண்டாக்கும். இவற்றுள் பலவற்றைச் சரிசெய்ய முடியும் என்பதால் முதல் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

அல்சைமர் மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் மெல்ல வளர்வது. நேற்றுவரை அறிந்தவரை இன்று திடீரென அறியவில்லை என்றால் வேறு காரணம் இருக்கக்கூடும்: சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, உடலில் நீர் அல்லது உப்புக் குறைவு, சர்க்கரை இறக்கம், தலையில் அடி. வாய் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை சேர்ந்திருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதியாமல் 108ஐ அழையுங்கள்.

அல்சைமரை முற்றிலும் நீக்கும் மருந்து இன்று இல்லை. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் ஆகிய மருந்துகள் பலருக்கு அறிகுறிகளைச் சில காலம் தணிக்கின்றன. இழந்த முகங்களை அவை மீட்டுத் தருவதில்லை; அன்றாட வாழ்வைச் சற்று எளிதாக்குகின்றன. மருத்துவரைக் கேளாமல் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. மேற்சிகிச்சைக்குத் தருமபுரி, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளையும் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தையும் நாடலாம். முதியோர்க்கான உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 14416.

நோய் வராமல் காக்க முடியுமா?

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, ஏதேனும் ஒரு வகை மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. நகரங்களில் 5.3 விழுக்காடு, கிராமங்களில் 8.4. ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதல். ஆகவே இது நகரத்து நோய் என்ற எண்ணம் தவறு.

மறதிநோய்க்கான ஆபத்தைக் கூட்டுகிற, ஆனால் நம்மால் மாற்றத்தக்க 14 காரணங்களை 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்டது. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மது, தலைக்காயம், கேளாமை, பார்வைக் குறை, தனிமை, குறைந்த கல்வி ஆகியவை அவற்றுள் சில. அடுத்த மாவட்டமான கிருஷ்ணகிரியில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அவற்றை நாள் தவறாமல் உட்கொள்வது இதயத்தையும் சிறுநீரகத்தையும் மட்டுமன்றி மூளையையும் காக்கும் செயலாகும்.

பராமரிப்போருக்கு ஒரு சொல்

உங்கள் முகம் மறக்கப்படும்போது நீங்கள் அடையும் துயரம் இயல்பானது. உயிரோடு இருப்பவரை இழந்துகொண்டிருக்கும் துயரம் அது. அதை அடக்கிக்கொண்டு ஒருவரே எல்லாவற்றையும் சுமக்க வேண்டா. வாரத்தில் சில மணி நேரமாவது உடன்பிறந்தோர் முறைவைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். உறக்கமின்மையும் அழுகையும் சினமும் உங்களிடம் மிகுந்தால், நோயாளியை அழைத்து வரும் நாளிலேயே உங்களுக்கும் ஆலோசனை கேளுங்கள். அதற்கும் நேரம் ஒதுக்குவது எங்கள் கடமை.

நோயாளியின் நினைவில் உங்கள் பெயர் இல்லாமற்போகலாம். உங்கள் குரலும் உங்கள் கையின் பழக்கமான தொடுகையும் அவருக்கு அமைதி தரும் நாள்கள் இன்னும் பல உண்டு. அவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். இருவருக்கும் சேர்த்து அந்த உறவை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.